ஸ்பெயினில் மீன் இல்லையோ?

"ஜெனோஜா, உனக்கென்ன விசரே? அவை மோட்டர்ஹோமில ஸ்பெயின் முழுக்க உலாவுவினம். நீ கைப்பிள்ளையோட போய் அவையின்ர வீட்டுக்குக் காவல் இருப்பியே?"

போனில் அஞ்சலீனா கத்தினாள். ஜெனோஜா அவளுடைய சித்தி மகள்.

"பாவம் அக்கா, பாலா அங்கிள். பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்த ஆளில்லையாம். ஒரே ஊர்க்காரர். எப்பிடி ஏலாது எண்டுறது?"

"சம்பளம் தருவினமோ?"

"சீ, இதுக்கெல்லாம் வாங்கலாமே!"

"அதுதானே. சம்பளமில்லாத வேலைக்காரி."

பாலேந்திரா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கோலியர்ஸ் வுட்டில் அவருக்கும் மனைவி சிவமலருக்கும் தோட்டத்தோடு ஒரு வீடு. வாசலில், கட்டிலும் அடுப்பும் வைத்த அந்தப் பெரிய மோட்டர்ஹோம்.

ஜெனோஜாவும் கணவன் றொமேஷும் இருந்தது ஒரு கடைக்கு மேலே, ஒற்றை அறையில். சுவரெல்லாம் கறுத்த பூஞ்சணம். பிள்ளைக்கு அடிக்கடி மூச்சு இழுக்கும். றொமேஷ் நைட் ஷிப்டுக்குப் போனபிறகு, பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு விடியும்வரை பயத்தோடு குந்தியிருப்பாள். நகரசபை தருவதாகச் சொன்ன கவுன்சில் வீடு 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று இழுபட்டுக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவளைத்தான் பூக்கண்டுக்குத் தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டிருந்தார்கள்.

அன்றைக்கே ஜெனோஜா பிள்ளையோடு அங்கே போய் இறங்கினாள். அடுத்த நாளிலிருந்து சிவமலரின் வாட்ஸ்அப்பில் ஸ்பெயின் விரிந்தது.

டொலேடோவின் பழைய பாலத்தில் பாலேந்திரா. ஆவிலா கோட்டை மதிலடியில் மோட்டர்ஹோம்; பக்கத்தில் கதிரை போட்டு இருவரும் பிளேன்ரீ குடிக்கிறார்கள். செகோவியாவில் ரோமர் கட்டிய நீர்ப்பாலம். கீழே ஒரு வரி: 'அவசரமில்லை. ஆறுதலாப் பாத்துக்கொண்டு போறம்.'

"ஆறுதலாப் போகினமாம்!" அஞ்சலீனா தன் கணவனிடம் போனை நீட்டினாள். "இங்க ஒருத்தி அவையின்ர றோசாவுக்கு வாளி தூக்கிறாள். சிவமலரக்காவைப் பாருங்கோ, அங்க வெய்யில் கொளுத்துதாம், கம்பளி ஜம்பர் போட்டுக்கொண்டு நிக்கிறா. ஸ்டைலாம்!"

ஒரு சனிக்கிழமை, கோலியர்ஸ் வுட்டுக்குப் பக்கத்து டூட்டிங்கில் தமிழ் மீன்கடை. விளைமீன் பெட்டிக்கு மேலே ஒரு வழுக்கைத்தலை குனிந்து, ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அஞ்சலீனா கிட்டப் போனாள்.

"என்ன அண்ணை, ஸ்பெயினில மீன் இல்லையோ?"

பாலேந்திராவின் கையிலிருந்த மீன் வழுக்கிப் பெட்டிக்குள் விழுந்தது.

"பிள்ளை... நீ எங்க இஞ்சால?"

"நான் எங்கயோ? காலமைப் படத்தில நீங்கள் சலமன்காவில எல்லே நிண்டனீங்கள்!"

"மெல்லக் கதை பிள்ளை. மலர் அறிஞ்சால் என்னைக் கொண்டுபோடுவாள். தமிழ்க்கடைப் பக்கமே தலை காட்டாதையுங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னவள். வெளிக்கிட்ட நாள் தொட்டு ரின்னில அடைச்ச மீனும் பருப்பும். நாக்குச் செத்துப்போச்சு."

"அப்ப அந்தப் படங்கள்?"

"போன வருசம் குளிருக்கை போய் எடுத்தது."

"இப்ப எங்க இருக்கிறியள்?"

"இஞ்ச கிட்டத்தான், குறொய்டனுக்கு அங்கால. ஒரு வயலுக்கை மோட்டர்ஹோமை விட்டிருக்கிறம்."

அஞ்சலீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வயலுக்கை இருந்துகொண்டு ஊருக்குப் படம் காட்டுறியள்! உங்கட புளுகுக்கு ஒரு பச்சைப்பிள்ளைக்காரி காவல்! இருங்கோ, இப்பவே அவளுக்குச் சொல்லுறன். இண்டைக்கே உடுப்பைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடட்டும்."

போனை எடுத்து அழுத்தினாள். மணி அடித்தது.

"ஐயோ பிள்ளை, சொல்லிப்போடாதை!" பாலேந்திரா மீன் கையோடேயே அவள் முழங்கையைப் பிடித்தார். "அவள் திரும்பி அந்தப் பூஞ்சண அறைக்கெல்லே போவாள்."

"என்ன?"

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்களோட வந்து இருங்கோ எண்டு எத்தினை தரம் கெஞ்சினனாங்கள். 'உங்களுக்கு ஏன் கரைச்சல் அங்கிள், நாங்கள் சமாளிப்பம்' எண்டிட்டாள். எங்கட சனத்தின்ர ரோசம் உனக்குத் தெரியாதே? இனாமா ஒரு அறை குடுத்தால் வாங்காது. உதவி கேட்டால் ஓடி வரும். நாங்கள் ஸ்பெயினுக்குப் போறம், பூக்கண்டு வாடப்போகுது எண்டன். பின்னேரமே வந்து இறங்கீட்டாள்."

அஞ்சலீனா வீட்டிலும் ஓர் அறை சும்மாதான் கிடந்தது. ஜெனோஜாவை 'வந்து இரு' என்று அவள் ஒருதரமும் கேட்டதில்லை.

"ஹலோ, அக்கா?" போனில் ஜெனோஜா. குரலில் இப்படி ஒரு தெளிவைக் கேட்டுக் கனகாலம். "பிள்ளைக்கு இப்ப இழுப்பே இல்லை அக்கா. நல்லா நித்திரை கொள்ளுறான். நானும் கொள்ளுறன்."

"ம்."

"கவுன்சில் வீட்டுத் திறப்புக் கையில தாறது மாசக் கடைசியிலதானாம். அதுக்கிடையில அங்கிளவை திரும்பி வந்திடுவினமோ எண்டுதான் நெஞ்சு இடிக்குது. உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

அஞ்சலீனா பாலேந்திராவைப் பார்த்தாள். மனுசன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

"இப்பதான்டி அவரோட கதைச்சனான்," என்றாள் அஞ்சலீனா. "ஸ்பெயின் என்ன சின்ன நாடே? இன்னும் கோர்டோபா கிடக்காம், கிரனாடா கிடக்காம். மாசம் முடியமுந்தி மனுசன் வரவே மாட்டாராம்!"