நாற்பத்திரண்டாவது பதில்

"சங்கமாம் சங்கம்! அரசாங்கச் சம்பளத்தை வாங்கிட்டு அரசாங்கத்துக்கு எதிராவே கொடி பிடிக்கிறானுங்க. இன்னிக்கு ஒருத்தன் பேராவது சிக்கட்டும், சீட்டைக் கிழிச்சுடறேன்!"

துணை ஆட்சியர் வால்மொரேல் மீசையை முறுக்கிக்கொண்டார். பாரிஸிலிருந்து அந்த மலைநாட்டுக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான். அரசு விருதின் சிவப்பு நாடாவைக் கோட்டில் குத்திக்கொள்ளும் கனவோடு வந்தவர்.

1912ஆம் வருடம். ஆசிரியர்கள் சங்கம் வைக்கக் கூடாது என்று அரசு கெடுபிடி செய்துகொண்டிருந்த நேரம். உங்கள் ஊர் ஆசிரியர், சங்கத்தில் உறுப்பினரா இல்லையா என்று கேட்டு நாற்பத்திரண்டு ஊர் மேயர்களுக்கும் அவர் கடிதம் அனுப்பியிருந்தார். 'பரம ரகசியம். ஆசிரியர் காதுக்கு எட்டக் கூடாது' என்று சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

பதில்களை எழுத்தர் ஒக்தாவ் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். பெயர் சிக்கினால் அந்த ஆசிரியருக்கு வேலை போகும். பள்ளிக்கூட மாடியிலேயே குடியிருப்பதால் வீடும் போகும்.

"'எங்கள் ஆசிரியர், சங்கம் என்ற சொல்லைக்கூடக் கேள்விப்பட்டதில்லை...'"

"அடுத்தது?"

"இதுவும் அதேதாங்கய்யா. ஒரு வார்த்தை பிசகல."

நாற்பத்தொன்றும் அப்படியே.

வால்மொரேலுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பார்த்தியா ஒக்தாவ்! நாற்பத்தோரு மேயர், ஒரே வாக்கு! இதுதான்யா குடியரசோட ஒற்றுமை. எழுத்தைப் பாரு, முத்து முத்தா! விவசாயின்னா தற்குறின்னு பாரிஸ்ல நினைச்சுட்டிருக்காங்க. மந்திரிக்கே எழுதப்போறேன்."

"அவசியம் எழுதுங்கய்யா" என்று இருமினார் ஒக்தாவ்.

கடைசி உறை மோன்பெலூ என்ற ஊரிலிருந்து வந்தது. பிரித்ததுமே ஒக்தாவின் முகம் வெளுத்தது.

"என்னய்யா முழிக்கிறே? படி!" வால்மொரேல் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

தப்ப வழியில்லை. "'எங்க வாத்தியார் பார்த்தெலெமி சங்கத்துலதான் இருக்கார். செயலாளரே அவர்தான்...'"

பார்த்தெலெமிக்கு நான்கு குழந்தைகள். ஒக்தாவ் வரிக் காகிதங்களோடு மழையில் நனைந்து போகும்போதெல்லாம் அவரைக் கூப்பிட்டு, அடுப்படியில் உட்காரவைத்து, சூடாக சூப் கொடுத்த வீடு அது.

வால்மொரேல் தாளை உற்றுப் பார்த்தார். "என்ன கண்றாவிய்யா இது, கோழி கிளறின மாதிரி? அலுவலக முத்திரைகூட இல்லே. மேயர் எழுத்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இதோ, நாற்பத்தொண்ணு இருக்கே! வாத்தியார்கிட்ட உதை வாங்கினவன் எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். அடுப்புல போடு!"

ஒக்தாவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"இரு, இரு. உன் கட்டைவிரலுக்குக் கீழே இன்னும் ஏதோ எழுதியிருக்கே?"

"வெறும் மைக்கறைங்கய்யா."

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் ஒக்தாவ். ஒரு கோப்பை சூப்புக்காக ஒரு பொய் சொன்னால் ஆண்டவர் பொறுத்துக்கொள்வார் என்று நம்பினார்.

தாளை நெருப்பில் வைத்த பிறகுதான் விரலை எடுத்தார். அடியிலிருந்த வரிகள் ஒரு கணம் தெரிந்து கருகின:

'எழுத்து கோணலா இருந்தா மன்னிக்கணும். எல்லா ஊரையும் போல இங்கேயும் மேயருக்கு வர்ற கடிதத்தைப் படிச்சுச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுக்கறது வாத்தியார்தான். அவர் எட்டு நாளா காய்ச்சல்ல படுத்திருக்கறதால இதை நானே எழுத வேண்டியதாப் போச்சு.'

மற்ற நாற்பத்தோரு ஊர்களிலும் ஆசிரியர்கள், ஆண்டவர் கருணையால், நல்ல உடல்நலத்தோடு இருந்தார்கள்.