கடைவாய்ப் பல்லில் ஒரு குறை

"பல்லுக்குப் போட்ட கேப் உயரமா இருக்கு! மெல்லவே முடியல! யாரு செஞ்சாங்களோ அவங்களைக் கூப்பிடுங்க!"

மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு மாமியார் லேப் வாசலில் நின்று சத்தம் போட்டார். பாலிஷ் மெஷினில் குனிந்திருந்த மருமகள் சட்டென்று சக்கரத்தை நிறுத்தினாள். விரலிடுக்கில் இருந்த பல் நழுவியிருந்தால், சக்கரம் அதைச் சுண்டிவிட்டிருக்கும். அப்புறம் லேப் மொத்தமும் தரையில் தவழ்ந்து தேட வேண்டியதுதான்.

யார் செய்தது என்று மாமியாருக்குத் தெரியாதா என்ன? வீட்டில் தினமும் பார்க்கிற முகம்தான்.

கீழே பல் ஆஸ்பத்திரி, மேலே அதற்குப் பல் செய்து கொடுக்கும் லேப். வார்ப்பிலிருந்து கறுத்துப்போய் வரும் உலோகக் கேப்பில் ஒட்டியிருக்கும் வார்ப்புக் காம்பை அறுத்து, நோயாளியின் பல்லைப் போலவே செய்த அச்சுப் பல்லில் அதை உட்கார வைத்துப் பார்த்து, உரசி, பளபளவென்று ஆக்குவது மருமகளின் வேலை. அவள் கைபட்ட ஒரு பல்கூடத் திரும்பி வராமல் ஒரு வருஷம் ஓடினால், அந்தப் பிரிவுக்கே அவளைப் பொறுப்பாக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி.

இப்போது திரும்பி வந்திருப்பது சொந்த மாமியாரின் பல்.

"அன்னிக்கே சொன்னேன், மாமியார் பல்லை நீ தொடாதேன்னு. கேட்டியா?" என்று காதைக் கடித்தாள், பக்கத்து மேஜையில் மெழுகில் பல் செதுக்கும் அக்கா.

கேட்கவில்லைதான். அந்த ஒரு பல்லுக்கு அரை நாள் செலவழித்திருந்தாள். யார் கண்ணிலும் படாத கடைவாய்ப் பல். ஆனாலும் விளிம்பு ஒரு மயிரிழை குறைந்துவிடக் கூடாதே என்று லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து உரசினாள். அதற்குக் கிடைத்த மரியாதை இது!

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? "ஊரார் பல்லைத் தேய்க்கிறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" இந்தப் பாட்டைக் கேட்காத நாள் கிடையாது.

முதலாளி எழுந்து வந்தார். "உட்காருங்கம்மா. கீழே டாக்டர் பார்த்தாரா?"

"பார்த்தார். எல்லாம் சரியா இருக்குன்னார். அவருக்கென்ன தெரியும்? மெல்றது நானா அவரா?"

மருமகள் கையுறை மாட்டி நீலத்தாளை எடுத்தாள். கடித்தால், உயரமான இடத்தில் அழுத்தமாகக் கறை விழும். அது பொய் சொல்லாது.

"கடிங்க அத்தை."

கடித்தார். கேப்பின் மேல் லேசாக நாலே நாலு புள்ளிகள். பக்கத்துப் பல்லில் எப்படியோ அப்படியே இதிலும். இதைவிட ஒழுங்காக ஒரு பல் உட்கார முடியாது.

"எங்கே உறுத்துது?"

மாமியாரின் கண் மெஷின் மேல் இருந்தது. "இந்தச் சக்கரத்துலதான் என் பல்லைத் தேச்சியா?"

"அத்தை, எங்கே உறுத்துதுன்னு கேட்டேன்."

"அதான் உயரம்னு சொன்னேனே. அடேயப்பா, அந்தத் தட்டுல இருக்கிற பல்லெல்லாம் நீ செஞ்சதா?"

"நேத்துகூட வறுத்த கடலையை அந்தப் பக்கமாத்தானே கொறிச்சீங்க? நான் பார்த்துட்டுதானே இருந்தேன்?"

"அது நேத்து!"

மெழுகு அக்கா சிரிப்பை மறைக்க இன்னும் குனிந்துகொண்டாள்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "சரிம்மா, குறைன்னு நீங்க சொன்னா குறைதான். கழட்டிட்டு வேற செஞ்சு தர்றோம்." பிறகு மருமகளிடம் குரலைத் தாழ்த்தினார். "எனக்கே வருத்தமாத்தான் இருக்கும்மா. ஆனா பேச்சுன்னா பேச்சு. இனிமே உன்னைப் பொறுப்பாக்கினா மத்தவங்க சும்மா விடுவாங்களா?"

மாமியாருக்குப் பாம்புக் காது. "என்ன பொறுப்பு?"

"ஒரு பல்லும் திரும்பி வரலைன்னா இந்தப் பிரிவையே இந்தப் பொண்ணுகிட்ட கொடுக்கிறதா இருந்தேன். இப்ப உங்க பல்லு வந்திருச்சே."

மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயையோ! எனக்கு ஏன் இப்படிப் புத்தி போச்சு! கேப் நல்லாத்தாங்க இருக்கு. கடலை என்ன, கல்லைக் கொடுங்க, இங்கேயே கடிச்சுக் காட்டறேன்!"

"அப்புறம் ஏம்மா உயரம்னீங்க?"

மாமியார் மருமகளைப் பார்க்காமல் கைப்பை வாரை முறுக்கினார். "மேல போய்ப் பார்க்கணும்னு கீழே கேட்டேன். சும்மாவெல்லாம் விடமாட்டோம், பல்லுல ஏதாவது குறைன்னா மட்டும்தான் விடுவோம்னு சொல்லிட்டாங்க. அதான் ஒரு குறை சொன்னேன்."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப இது திரும்பி வந்த பல்லே இல்ல!"

மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இங்கே அப்படி என்ன அத்தை பார்க்கணும் உங்களுக்கு?"

மாமியார் படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டினார். அங்கே பாதிப் படியில், எதிர்வீடு, பக்கத்துவீடு, கோடிவீடு என்று மூன்று பெண்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"ஏறி வாங்கடி மூணு பேரும்! வாயைத் திறந்து திறந்து காட்டியும் நம்பலையே! இந்தப் பல்லைச் செஞ்சது என் மருமகதான்னு இப்பவாவது நம்பறீங்களா?"