இடது ஷூ

ஆறே மாதத்தில் கிளட்ச் தேய்ந்துவிட்டது. அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரின் சொந்தக்காரர் நந்தகோபால், தன் டிரைவர் தணிகாசலத்தைக் காட்டி, "இவன்தான் கிளட்ச் மேலயே கால வச்சு ஓட்டியிருக்கான். இன்னியோட வேலைய விட்டு நிறுத்திடறேன்" என்றார்.

மெக்கானிக் மெகருன்னிசா வாசலுக்குப் போனாள். அவளுடைய பட்டறைக்குள் யாரும் செருப்போடு வர முடியாது. உள்ளே வரும் ஒரு மணல் துகள் போதும், துடைக்கிற துணியில் ஏறிப் பெயின்ட்டைக் கீறிவிடும் என்பாள். வாசலில் கழற்றிவிட்டிருந்த இரண்டு ஜோடிகளையும் எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். டிரைவரின் செருப்புகள் இரண்டும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. முதலாளியின் இடது ஷூவில் மட்டும் கிளட்ச் பெடலின் கோடுகள் அச்சு எடுத்ததுபோல் பதிந்திருந்தன. அதை அப்படியே கவிழ்த்து வைத்தாள்.

"சார், டிரைவருக்கு லீவு விடற ஞாயித்துக்கிழமையில வண்டிய யாரு எடுக்கறது?"

நந்தகோபால் சாக்ஸ் அணிந்த தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தணிகாசலம் குனிந்து அந்த ஷூவை நிமிர்த்தி, முதலாளி மாட்டிக்கொள்ள வசதியாக அவர் பக்கம் திருப்பி வைத்தான்.

"கவுந்து கெடந்தா சண்ட வரும்க்கா" என்றான்.