சுவரில் விழுந்த சிலுவை

சுவரில் சிலுவை விழுந்ததும் இருதயமேரி முக்காட்டை இழுத்துவிட்டு முழந்தாளிட்டாள். "பாத்தியா? அப்பா வந்துட்டாரு."

கொல்லைப்பக்க ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் வட்டமாக நின்றது. அதன் நடுவே இருட்டாய் ஒரு சிலுவை. அகஸ்டின் கொல்லைக்கு ஓடினான். வேலி, அதைத் தாண்டி வயல், அதற்கும் அப்பால் கல்லறைத் தோட்டம். ஆள் நடமாட்டமே இல்லை. திரும்பி வருவதற்குள் சுவரும் இருண்டுவிட்டது.

அகஸ்டினின் அப்பா சந்தனசாமியின் அடக்கத்துக்கு லீவு தராத பாரீஸ் கம்பெனி, அவர் வீட்டை விற்க மட்டும் மகனுக்குத் தாராளமாகத் தந்திருந்தது. தெருவே இதைத்தான் மென்றுகொண்டிருந்தது. வீட்டை விற்று முடித்து அம்மாவைக் கையோடு கூட்டிப்போக வந்தவனை இப்போது சிலுவை மறித்தது.

"அவரு வர்ற வீட்ட விட்டுட்டு நான் வரமாட்டேன்."

"எவனோ டார்ச் அடிக்கிறாம்மா. நிரூபிச்சா வருவியா?"

"நிரூபி. வர்றேன்."

மறுநாள் அதே வேளைக்கு, கோயிலில் அந்தி மணி அடித்தபோது அகஸ்டின் செல்போனோடு தயாராக நின்றான். பக்கத்து வீட்டு ஆக்சிலியா கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் வந்து, நாற்காலியே போட்டு உட்கார்ந்துவிட்டாள். வெளிச்சம் விழுந்தது. கேமராவில் பிரகாசத்தைக் குறைத்துப் படமெடுத்துப் பெரிதாக்கினான்.

"பாருங்க. டார்ச்சுக்குள்ள இருக்குற எல்இடி ஒரே துண்டு இல்ல. சதுரமா நாலு சில்லு, பக்கத்துப் பக்கத்துல. நடுவுல இருக்குற இடைவெளிதான் சிலுவையா விழுது."

"எங்க வீட்டு டார்ச்சுலயும் விழுமா தம்பி?" ஆக்சிலியா எதற்கும் இருக்கட்டுமென்று இடுப்பில் செருகி வந்திருந்தாள். அடித்தாள். வெறும் வட்டம்.

"விழாதுக்கா. அதுல ஒரே சில்லு. இது வயலைத் தாண்டிப் பாயுற ரகம். ஓரத்துல லேசாப் பச்சை தெரியுதுல்ல? இந்த எல்இடி நம்ம காரைக்கால் கடைங்கள்ல கிடைக்காது."

"அப்ப பேய்க்கு யாரு வாங்கிக் குடுத்தா?"

அகஸ்டின் செல்போன் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தான். இருட்டென்றால் அப்பாவுக்குப் பயம் என்று அவன்தான் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். அனுப்புமுன் பாரீஸ் அறைச் சுவரில் அடித்தும் பார்த்தான். இதே பச்சை விளிம்பு. இதே சிலுவை.

உடனே முகம் தெளிந்தது. "அம்மா, இது நான் அப்பாவுக்கு அனுப்புன டார்ச்! எவனோ திருடியிருக்கான். ஆளப் புடிக்கிறேன், நீ கிளம்புற வழியப் பாரு."

ஆக்சிலியா, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, ஒன்றும் பேசாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இருதயமேரி மகனை இரக்கத்தோடு பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியாதுல்ல. அதை அவரு கையில குடுத்துத்தான் சவப்பெட்டிய மூடுனோம்."