மேஜரின் முழங்கால்

"வலிக்குதாடா என் கண்ணு? இங்கயா? கொஞ்சம் பொறுத்துக்கோடா தங்கம்."

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரின் குரல் பாகாய் உருகியது. பெஞ்சில் காத்திருந்த பஸ் டிரைவருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. டிப்போ டாக்டர், பிணமே வந்து படுத்தாலும் 'நடிப்பு' என்று எழுதி வேலைக்கு அனுப்பிவிடுவார் என்றல்லவா பயமுறுத்தியிருந்தார்கள்!

நர்ஸ் திரையை விலக்கினாள். டாக்டர் தரையில் மண்டியிட்டு, ஒரு வலது முழங்காலை இரண்டு கைகளாலும் ஏந்தி நீவிக்கொண்டிருந்தார். தொழிலாளர்களுக்கென்று வாங்கிய ஒரே கட்டில், ஒரே வெந்நீர்ப் பை, சூடு கொடுக்கும் ஒரே சிவப்பு விளக்கு. அத்தனைக்கும் நடுவில் கண்ணை மூடிச் சொகுசாகப் படுத்திருந்தது ஒரு நாய்.

"மேஜருக்கு மூட்டுவாதம்," என்றார் டாக்டர், மந்திரி யாரோ படுத்திருப்பதுபோல. "நீ அப்படி ஓரமா நில்லு. செருப்பைத் தேய்க்காதே, முழிச்சுக்கும்."

டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். "கிளட்ச் மிதிக்கிற கால் சார். முட்டி திடீர்னு பூட்டிக்குது. நேத்து மேட்டுல ஏறுறப்ப அப்படித்தான், வண்டி நிறைய ஜனம், பின்னால உருள ஆரம்பிச்சிடுச்சு. ஹேண்ட் பிரேக் காப்பாத்துச்சு. அடுத்த தடவை என்ன ஆகும்னு நினைச்சாலே தூக்கம் வரலை. டைம் ஆபீஸ்ல உக்கார்ற வேலையா மாத்தச் சொல்லி நீங்க ஒரு கையெழுத்து..."

"வந்துட்டான்யா! எல்லாருக்கும் உக்கார்ற வேலை."

"ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்தீங்கன்னா..."

"எக்ஸ்ரேயா?" டாக்டர் தன் இரு கண்களையும் விரலால் தொட்டுக் காட்டினார். "அப்புறம் இது ரெண்டும் எதுக்கு இருக்கு? கதவு வரைக்கும் நட."

டிரைவர் நடந்தார். திரும்பி வந்தார். இரண்டு முறையும் இடது கால் கெஞ்சியது.

டாக்டர் உதட்டைச் சுழித்தார். "நல்லா ஒத்திகை பாத்திருக்கே. பொய்யா நொண்டுறவன், போறப்ப ஒரு கால், வர்றப்ப ஒரு கால்னு மாத்திடுவான். அங்கதான் என்கிட்ட மாட்டுவான். நீ மாத்தலை. தேர்ந்த நடிகன்."

"மாத்தினாலும் பொய், மாத்தலைன்னாலும் பொய்யா சார்?"

"எதிர்த்துப் பேசுறியே, முட்டி வலி எங்க போச்சு?"

நர்ஸ் தொண்டையைக் கனைத்தாள். "சார், மேஜர் எழுந்தா அந்தக் கட்டில்ல இவரைப் படுக்க வெச்சுப் பாத்துடலாமே. மேஜருக்குத்தான் சரியாயிடுச்சுன்னு கால்நடை டாக்டர் போன வாரமே சொன்னாரே. எடை குறைஞ்சுடுச்சு, மாத்திரையும் கேட்டுடுச்சு, இனிமே தினம் கொஞ்ச தூரம் நடக்க விடுங்கன்னு..."

"மாட்டுக்கு ஊசி குத்துற ஆளுக்கு மேஜரோட வேதனை எப்படிம்மா தெரியும்? நடக்கக் கூப்பிட்டா எப்படி முனகுதுன்னு நான்ல பாக்குறேன்!"

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். அவருக்குத் தன்னைப் பற்றிப் பேசுவதென்றால் எந்த மூட்டும் வலிக்காது.

"இந்த நாற்காலிக்கு நான் வந்த நாள்லேருந்து எத்தனை நொண்டியைப் பாத்திருப்பேன்! நொண்டி நடிச்சு என்னை ஏமாத்துன ஒருத்தனை, ஒரே ஒருத்தனைக் காட்டு. நீ கேட்ட இடத்துல கையெழுத்துப் போடுறேன். நர்ஸம்மாதான் சாட்சி. காட்ட முடியாதுல்ல? அப்ப போய் வண்டியை எடு."

'முழு வேலைக்குத் தகுதியானவர்' என்று எழுதி, கையெழுத்துக்குப் பேனாவை உயர்த்தினார். அப்போது அவர் முழங்கை பட்டு மேஜையிலிருந்த பிஸ்கட் டப்பா கலகலத்தது.

மேஜர் கண்ணைத் திறந்தது. கட்டிலோடு சாய்த்து வைத்திருந்த பலகை வழியாக இறங்கி, வழுக்காமலிருக்க விரித்திருந்த கம்பளத்தின் மேல் மூன்று காலால் தத்தித் தத்தி வந்தது. இடது பின்னங்கால் தரையில் படாமல் அந்தரத்தில் நடுங்கியது. கேட்டால் கல்லும் கரையும்படி ஒரு முனகல் வேறு.

டாக்டர் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினார். "ஐயோ, நீ ஏன்டா இறங்கி வந்தே?" ஒரு பிஸ்கட். முனகல். இன்னொரு பிஸ்கட். ஈரக் கண்ணோடு டிரைவரை நிமிர்ந்து பார்த்தார். "பாத்தியா? வாயில்லா ஜீவன். இதுக்குப் பொய் தெரியுமா, சூது தெரியுமா? நொண்டுறதுன்னா இப்படி இருக்கணும். பாத்துக் கத்துக்கோ!"

டிரைவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, தரையில் உருண்டு கிடந்த பேனாவை எடுத்து டாக்டரிடம் பணிவோடு நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க சார். மேஜர் கால் மாத்திட்டாரு."