சுந்தரராஜன் சார் வேஷம்

"இதை உடனே நிறுத்தச் சொல்லுங்க சார்! நன்றி சொல்ற லட்சணமா இது?"

கெமிஸ்ட்ரி வாத்தியார் சுந்தரராஜன் கொதித்தார். பக்கத்து நாற்காலியில் தலைமையாசிரியர் ராஜாமணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொல்லிமலையின் அந்த அரசுப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரிவு உபசார விழா. நன்றியுரை வாசித்தால் எல்லோரும் தூங்கிவிடுவார்கள், அதற்குப் பதில் ஒவ்வொரு வாத்தியாரையும் போல நடித்துக் காட்டுகிறோம் என்று பிள்ளைகள் அனுமதி வாங்கியிருந்தார்கள்.

மேடையில் வாழவந்தி நாடு என்ற மலைக்கிராமத்துப் பையன் கலைமணி. மைக்கை டொக் டொக்கென்று தட்டினான்.

"கடைசியாக ஒன்றே ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்."

சொன்னான். முடிக்கவில்லை. மறுபடியும், "கடைசியாக ஒன்று..."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"என்னையே இந்தப் பாடு படுத்தறான், நானே சிரிக்கிறேன். உமக்கென்ன ஓய்?" என்றார் ராஜாமணி.

சுந்தரராஜனுக்கு என்னவென்றால், முன்வரிசையில் அன்னாசித் துண்டைச் சப்பிக்கொண்டு அவர் மகள் யமுனா உட்கார்ந்திருந்தாள். மூணாம் வகுப்பு. சனிக்கிழமை லீவு என்பதால் அடம்பிடித்து, சேந்தமங்கலத்திலிருந்து அப்பாவோடு பஸ் ஏறி வந்திருந்தாள்.

"எங்க அப்பான்னா ஸ்கூல்ல எல்லாருக்கும் உசுரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள். வீட்டில் அப்படிச் சொல்லி வைத்தது அவர்தான். வகுப்பில் தான் போடும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அடுத்தது இங்கிலீஷ் டீச்சர் ஜாஸ்மின். கலைமணி துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி தள்ளாடித் தள்ளாடி வந்தான்.

"டியர் ஸ்டூடண்ட்ஸ், யாரும் ஆடாதீங்க. எனக்கு இன்னும் கொண்டை ஊசி வளைவுலயே சுத்துது!"

"அய்யோ, அப்படியே நான்தான்!" என்று ஜாஸ்மின் டீச்சரே கைதட்டினாள்.

அப்புறம் பி.டி. வாத்தியார் கதிரேசன். கலைமணி விசிலிலேயே குட்மார்னிங் சொன்னான், விசிலிலேயே டீ கேட்டான், சர்க்கரை பத்தவில்லை என்று விசிலிலேயே சண்டை போட்டான். கதிரேசன் எழுந்து நின்று விசிலிலேயே பதில் சொன்னார். பெஞ்சுகள் அதிர்ந்தன.

அடுத்து நாம்தான். சுந்தரராஜன் கர்ச்சீப்பை எடுத்தார்.

"நன்றி, வணக்கம்!" என்று கும்பிட்டுவிட்டான் கலைமணி.

அப்பாடா என்றிருந்தது. மறு நிமிஷமே உள்ளே என்னவோ சுருக்கென்றது. எல்லோரையும் நடித்துக் காட்டினார்கள். விசில் ஊதுகிறவரைக்கூட விடவில்லை. என்னை மட்டும் ஏன் விட்டார்கள்? கிண்டல் பண்ணக்கூட வேண்டாதவனாகிவிட்டேனா?

"யமுனா, வா, கிளம்பலாம்."

நாற்காலி காலியாக இருந்தது. யமுனா மேடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, எங்க அப்பாவை மறந்துட்டீங்க!"

மைக் அதைக் கூட்டம் பூராவுக்கும் சொன்னது. சிரிப்பு சட்டென்று நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து அம்சவேணி என்ற பெண் 'வேண்டாம், வேண்டாம்' என்று கையை ஆட்டினாள். கலைமணி அவளைப் பார்த்தான். யமுனாவைப் பார்த்தான். கடைசியாக சாரைப் பார்த்தான்.

சுந்தரராஜன் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கலைமணி சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டான். வெறுங்காற்றில் சாக்பீஸ் பிடித்து எழுதிவிட்டுத் திரும்பினான்.

"புரிஞ்சுதா? புரியலையா கண்ணு? சரி, முதல்லருந்து."

மறுபடியும் எழுதினான்.

"இன்னும் புரியலையா கண்ணு? இரு, இன்னொருக்கா!"

யாரோ ஒருத்தன் கூட்டத்திலிருந்து "பாம் பாம்" என்று பஸ் ஹாரன் அடித்தான். கலைமணி இல்லாத ஜன்னல் பக்கம் கையை உதறினான்.

"கடைசி பஸ் போனாப் போகட்டும் கண்ணு! உனக்குப் புரியாம இன்னைக்கு நான் மலை இறங்கறதா இல்ல!"

அவ்வளவுதான். விசிலும் கூச்சலுமாக ஷாமியானாவே தூக்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி, "கெமிஸ்ட்ரி சார்! கெமிஸ்ட்ரி சார்!" என்று கத்தினார்கள்.

"அப்பா! அப்படியே நீங்கதாம்ப்பா!" என்று மேடையிலேயே குதித்தாள் யமுனா.

சுந்தரராஜனும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது. பஸ்ஸை விட்டுவிட்டு மரவள்ளிக்கிழங்கு லாரியில் தொற்றிக்கொண்டு இறங்கியது நிஜம்தான். கடைசி பெஞ்சுக்குப் புரிகிற வரைக்கும் சொன்னதையே சொன்னதும் நிஜம்தான். ஆனால் இந்தக் கனிவான குரல்?

போட்டோ எடுக்கிற சந்தடியில் கலைமணியைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"முதல்ல ஏன்டா என்னை விட்டுட்டே?"

"உங்க வேஷந்தானுங்க சார் மொதல்ல வச்சிருந்தோம். பாப்பா வந்து உக்காந்ததைப் பார்த்துட்டு, எடுத்துறலாம்னு அம்சவேணி சொல்லிட்டா."

"சரி, இப்ப நடிச்சியே... நான் எப்படா அந்த மாதிரி பேசினேன்?"

கலைமணி தலையைச் சொறிந்தான்.

"நெசமாலுமே நீங்க பேசறதேதானுங்க சார். 'கழுதை'ன்னு வர்ற எடத்துல மட்டும் 'கண்ணு'ன்னு போட்டுக்கிட்டேன்."