வழி மறித்த மணல்திட்டு

ஆறு கடலில் சேருகிற வாயை அடைத்துக்கொண்டு ஒரு மணல்திட்டு படுத்துக் கிடந்தது. வயிறு முட்டச் சினையோடு வந்த மடவை மீன் அதனிடம் கெஞ்சியது.

"அண்ணே, கடலுக்குப் போனாத்தான் நான் முட்டை போட முடியும். கொஞ்சம் வழி விடுங்க."

"நாலு நாள் தங்க வந்தவன் நான். ஆத்துல புதுத்தண்ணி வரட்டும், தானாக் கரைஞ்சு போயிடுறேன்."

மடவை வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருந்தது. புதுத்தண்ணீர் வந்தது. அதற்குள் திட்டின் மேல் ஓர் ஆலாப்பறவை இரண்டு முட்டை இட்டிருந்தது.

"இப்பவாவது ஓரமா உடைஞ்சு கொடுங்கண்ணே."

"முட்டை இருக்கிற இடத்தையா உடைக்கச் சொல்றே? நெஞ்சுல ஈரமே இல்லையா உனக்கு?"

மடவை கனத்த வயிற்றோடு திரும்பி நீந்தியது. பின்னால் திட்டு ஆலாவிடம் சொல்வது கேட்டது:

"பிள்ளைகுட்டி அருமை இதுக்கெல்லாம் எங்கம்மா தெரியப்போகுது!"